கருணைக்கடல்

மலையுச்சியில் ஊறுகின்ற சுனை, காண்பார் கண்ணுக்கு ஒரு கைந்நீராகவே தோன்றும். அந்நீரே கீழிறங்கி ஓடையாய் ஓடி, ஆறாய்ப் பெருகிப் பல காதம் கடந்து, கழனிகளை விளைவித்துக் கடலிற் கலக்கின்றது. கழனியில் நெல் அறுக்கும் உழவன் அம்மலைச் சுனையைக் கண்டதில்லை. எனினும் அவன் உண்ணும் சோற்றில் அச்சுனைக்கும் பங்குண்டு. மக்கள் செய்யும் அறமும் அத்தகையதே. பசித்தவனுக்கு ஒருவர் இட்ட ஒரு பிடி உணவு, எத்தலைமுறையில் எவ்வளவு பெரிய அறமாகப் பெருகும் என்பதை எவரும் முன்னரே அறிந்து கூறுதல் அரிது. அங்ஙனம் பெருகிய ஓர் அறத்தின் வரலாறே ஈசுவரசந்திர வித்தியாசாகரரின் வாழ்க்கை வரலாறாகும்.

ஒரு பிடிப் பொரி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தில் தாகூர்தாசர் என்னும் சிறுவர் ஒருவர் இருந்தார். அவர் தந்தையார் இராமசயர் சிறந்த கல்விமான். எவர்க்கும் தலைவணங்காத இயல்பினர். உடன்பிறந்தாரோடு மனவேறுபாடு கொண்டு, ஒரு நாள் அவர் இல்லத்தை விட்டு எங்கோ சென்றுவிட்டார். தாயார் துர்க்கா தேவியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தம் பிறந்தகமாகிய பீர்சிங்கா என்னும் சிற்றூரை அடைந்தார். ஒரு குடிசையில் தங்கி, இராட்டையில் நூல் நூற்று விற்று, அச்சிறு வருவாயைக்கொண்டு மக்களைக் காத்தார். அன்னை படும் துன்பத்தைக் காணப் பொறாத மூத்த மகன் தாகூர்தாசர், வேலை தேடிக் கல்கத்தா நகருக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்துக்கு மேல் இராது.

நகரத்தில் அவருக்கு உற்றார் இல்லை. ஏழையர் ஒருவர் தம் சிறு வீட்டில் இடம் அளித்தார். அவ்வீட்டில் உலை ஏறாத நாட்களும் உண்டு. தாகூர்தாசரிடம் இருந்த உடைமை ஒரு பித்தளைத் தட்டும் ஒரு சிறு செம்புமே. பசி பொறுக்கமாட்டாது ஒரு நாள் அவற்றை விற்கச் சென்றார். முன்பின் அறியாதவனிடம் பழம் பாத்திரம் வாங்கினால் வம்பு வந்து சேரும் என்று அஞ்சிப் பாத்திரக் கடைக்காரர் எவரும் வாங்கவில்லை. மற்றொரு நாள் பசியை மறக்கும்பொருட்டுத் தெருத்தெருவாக நடந்தார். நடக்க நடக்கப் பசி மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. கால் தளர்ந்து, பொரி விற்கும் ஒரு சிறு கடையின் முன் நின்றார்.

அக்கடையில் இருந்தவர் நடுத்தர வயதுடைய ஒரு கைம்பெண். சிறுவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வெறுந்தண்ணீர் தர அவ்வம்மையார்க்கு மனம் வரவில்லை. நீரோடு சிறிது பொரியும் கொடுத்தார். சிறுவர் அதனை உண்ட விரைவைக் கண்டு, அன்று அவர் ஒன்றும் உண்ணவில்லை என்பதை உணர்ந்தார். மேலும் நீர் அருந்தாமல் இருக்கச் சொல்லி, அருகிலிருந்த கடைக்கு விரைந்து சென்று தயிர் வாங்கி வந்தார். பொரியோடு தயிரும் இட்டு அவரை வயிறார உண்ணச் செய்தார். உணவு கிட்டாத நாளெல்லாம் தம் கடைக்கு வருமாறும் அன்போடு கூறி அனுப்பினார். அதன்பின் அடுப்பு எரியாத நாட்களில் தாகூர்தாசர் அக்கடைக்கே சென்று பசி தீர்ந்தார்.

அவ்வம்மையாரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. பெருஞ்செல்வர் பலர் வாழ்ந்த அம்மாநகரில், கணவனை இழந்து பொரி விற்றுப் பிழைத்த ஓர் ஏழைப் பெண்ணுக்கே அச்சிறுவரின் பசி கண்ணிற் பட்டது. தாகூர்தாசர் பின்னாளில் இதனைத் தம் மகனிடம் கூறினார். மகன் அதனை இறுதிவரை மறந்தாரல்லர். தாம் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட தன்வரலாற்றிலும் அதனை நெஞ்சுருக எழுதி வைத்தார். அம்மகனே ஈசுவரசந்திரர்.

பிறப்பும் கல்வியும்

தாகூர்தாசருக்கு நாளடைவில் திங்களுக்கு இரண்டு ரூபாய் ஊதியத்தில் ஒரு வேலை கிடைத்தது. பசியைப் பொறுத்துக்கொண்டு அதனையும் அன்னைக்கு அனுப்பினார். பின்னர் ஊதியம் சிறிது உயர்ந்தது. பகவதி தேவி என்னும் நற்குண மங்கையை அவர் மணந்தார். இவ்விருவர்க்கும் தலைமகனாக, 1820-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், இன்று மேற்கு வங்க மாநிலத்து மேதினிப்பூர்ப் பகுதியில் உள்ள பீர்சிங்காவில் ஈசுவரசந்திரர் பிறந்தார்.

இராமசயர் அதற்கு முன்னரே வீடு திரும்பியிருந்தார். பேரன் பிறந்தபோது தாகூர்தாசர் சந்தைக்குச் சென்றிருந்தார். வழியில் மகனை எதிர்கொண்ட இராமசயர், நம் வீட்டில் ஓர் ஆண்கன்று பிறந்திருக்கிறது என்று சொன்னார். வீட்டில் சினைப்பசு ஒன்றும் இருந்தமையால், தாகூர்தாசர் கன்றைக் காணத் தொழுவத்தை நோக்கி நடந்தார். இராமசயர் நகைத்து, அவரை வீட்டினுள் அழைத்துச் சென்று குழந்தையைக் காட்டினார். காளைக்கன்றைப் போலப் பிடித்த பிடியை விடாதவனாக இவன் வளர்வான் என்பது பாட்டனாரின் எண்ணம். அவர் விளையாட்டாகச் சொன்னது பின்னாளில் மெய்யாயிற்று.

எட்டு வயதில் ஈசுவரசந்திரர் தந்தையுடன் கல்கத்தாவுக்குச் சென்றார். ஐம்பது கல்லுக்கு மேற்பட்ட அந்நெடுவழியைப் பெரும்பாலும் நடந்தே கடந்தார். சாலையோரம் நட்டிருந்த கற்களைக் கண்டு, அம்மிக்கல்லை ஏன் வழியில் நட்டு வைத்திருக்கின்றனர் என்று வினவினார். அவை தொலைவைக் காட்டும் மைல் கற்கள் என்றும், அவற்றில் உள்ளவை ஆங்கில எண்கள் என்றும் தந்தையார் விளக்கினார். சிறுவர் கல்லுக்குக் கல் நின்று பார்த்து, நடந்தவாறே எண்களைக் கற்றுக்கொண்டார். மகன் மெய்யாகவே கற்றானா, கணக்கிட்டு ஊகித்துச் சொல்கிறானா என்று அறிய விரும்பிய தந்தையார், ஆறாம் கல்லைக் காட்டாமல் கடத்தி, ஐந்தாம் கல்லைக் காட்டி வினவினார். இஃது ஆறாம் கல்லாக இருத்தல் வேண்டும். ஐந்து என்று தவறாகப் பொறித்துவிட்டனர் என்று சிறுவர் விடை கூறினார். தந்தையார் உள்ளம் குளிர்ந்தார்.

கல்கத்தாவில் தந்தையும் மகனும் ஒரு நல்லவர் இல்லத்தில் தங்கினர். அவ்வில்லத் தலைவரின் தங்கை இராய்மணி என்னும் அம்மையார். அவரும் ஒரு கைம்பெண். தாயைப் பிரிந்து வாடிய சிறுவருக்கு அவர் தாயாகவே விளங்கினார். தம் சொந்த மகனுக்கும் ஈசுவரசந்திரருக்கும் இடையே அணுவளவும் வேறுபாடு காட்டவில்லை. பெண்குலத்தின்பால் தமக்கு உண்டான பெருமதிப்புக்கு இவ்வம்மையாரின் அன்பே காரணம் என்று வித்தியாசாகரர் பிற்காலத்தில் எழுதினார். பொரிக்கடை அம்மையார் தந்தையைக் காத்தார். இராய்மணி அம்மையார் மகனைக் காத்தார். இவ்விரு கைம்பெண்களும் காட்டிய அன்பு ஈசுவரசந்திரர் நெஞ்சில் விதையாய் விழுந்தது.

1829-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா வடமொழிக் கல்லூரியிற் சேர்ந்தார். தம்பியரும் பின்னர் வந்து சேர, எல்லார்க்கும் சமைக்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அடுப்பின் முன் அமர்ந்தும் பாடம் படித்தார். இரவில் நெடுநேரம் விழித்திருந்தும் படித்தார். இலக்கணம், இலக்கியம், அணி, வேதாந்தம், நீதி நூல், தருக்கம் ஆகிய துறைகளில் தேர்ந்து பரிசுகள் பல பெற்றார். 1839-இல் அவருக்கு வித்தியாசாகர் என்னும் பட்டம் கிடைத்தது. கல்விக்கடல் என்பது அதன் பொருள். பந்தோபாத்தியாயர் என்னும் குடும்பப் பெயர் மறைந்து, இப்பட்டமே அவர் பெயராக நிலைத்தது.

குடும்பத்தின் தூண்

1841-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் ஈசுவரசந்திரர் தலைமைப் பண்டிதரானார். முதல் ஊதியம் பெற்றவுடன் அவர் தமக்கென்று எதனையும் வாங்கவில்லை. இளமை முதல் உழைத்து ஓய்ந்த தந்தையாரை வேலையிலிருந்து விலகி ஊரில் இருக்குமாறு வேண்டினார். திங்கள்தோறும் இருபது ரூபாயை ஊருக்கு அனுப்பினார். எஞ்சிய முப்பது ரூபாயில் தாமும், உடனிருந்து படித்த தம்பியரும், உறவினர் சிலருமாகக் கல்கத்தாவில் வாழ்ந்தனர். முன்போலவே முறை வைத்துக்கொண்டு சமைத்தனர். ஊதியம் உயர்ந்தபோது அவருடைய உணவும் உடையும் உயரவில்லை. அவர் இல்லத்தில் உண்போர் தொகையே உயர்ந்தது. முரட்டு வேட்டியும் மேலாடையும் செருப்புமே கடைசி வரையில் அவருடைய உடையாக இருந்தன.

அவருக்குப் பதினான்காம் வயதளவில் தினமயி தேவியுடன் திருமணம் நடந்தது. நாராயணசந்திரர் என்னும் மகனும், நான்கு பெண்மக்களும் பிறந்தனர். மூத்த மகள் இளமையிலேயே கணவனை இழந்தபோது, அவளையும் அவள் பிள்ளைகளையும் தம்முடன் வைத்துக் காத்தார். அப்பேரருள் ஒருவராகிய சுரேசசந்திர சமாசபதி பிற்காலத்தில் வங்க மொழியின் சிறந்த இதழாசிரியராக விளங்கினார்.

அன்னையார் பகவதி தேவியார் மகனுக்கு ஏற்ற தாய். குளிர்காலத்தில் மகன் அனுப்பிய போர்வைகளையெல்லாம் அவர் ஊரிலுள்ள ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் குளிரில் இருந்தார் என்றும், அதனை அறிந்த வித்தியாசாகரர் ஊரார்க்கும் அன்னைக்குமாகச் சேர்த்து மேலும் போர்வைகள் அனுப்பினார் என்றும் கூறுவர். ஊர்ப் பிள்ளைகளுக்காக அவர் 1853-இல் பீர்சிங்காவில் கட்டணமில்லாத பள்ளி ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் அப்பள்ளிக்கு அன்னையின் பெயரையே சூட்டினார்.

கல்விப் பணி

1851-இல் வித்தியாசாகரர் தாம் பயின்ற வடமொழிக் கல்லூரிக்கே தலைவரானார். அதுவரை அந்தணரும் வைத்தியரும் மட்டுமே அங்குக் கற்று வந்தனர். அவர் முதலில் காயத்தர் என்னும் வகுப்பினர்க்கும், சில ஆண்டுகளில் பிற இந்து வகுப்பினர்க்கும் கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டார். வடமொழியோடு ஆங்கிலமும் கற்பிக்க வழி செய்தார். 1855-இல் வங்க எழுத்துகளைச் சிறுவர் எளிதிற் கற்கும்வண்ணம் வர்ணபரிசயம் என்னும் சிறு நூலை இரு பகுதிகளாக எழுதினார். தலைமுறை தலைமுறையாக வங்கக் குழந்தைகள் அந்நூலைக்கொண்டே எழுத்தறிந்தனர். அவர் எழுதிய நூல்களாலும், நண்பரோடு தொடங்கிய அச்சகத்தாலும் நிறைந்த பொருள் வந்தது. வந்த பொருள் வந்த வழியே ஏழைகளிடம் சென்றது.

பெண்கள் எழுத்தறிந்தால் கேடு விளையும் என்று பலர் நம்பிய காலம் அது. பெத்யூன் என்னும் ஆங்கிலேயர் 1849-இல் கல்கத்தாவில் தோற்றுவித்த பெண்கள் பள்ளிக்கு வித்தியாசாகரர் ஊதியம் பெறாச் செயலாளராக இருந்து உழைத்தார். 1857 நவம்பர் முதல் 1858 மே வரையிலான சில திங்களில், நான்கு மாவட்டங்களில் 35 பெண்கள் பள்ளிகளைத் தொடங்கினார். அவற்றில் ஏறத்தாழ 1,300 சிறுமியர் சேர்ந்தனர். அரசு உதவும் என்னும் நம்பிக்கையால் அவர் இதனைச் செய்தார். ஆயினும், முறையான ஆணை பெறாமல் தொடங்கிய பள்ளிகளுக்கு நிலையாகப் பொருள் தர இயலாது என்று அரசு கூறிவிட்டது. வித்தியாசாகரர் பள்ளிகளை மூடி ஒதுங்கவில்லை. செல்வர்களிடம் திங்கள்தோறும் பொருள் பெற்று ஒரு நிதி அமைத்தார். தம் கைப்பொருளையும் இட்டார். கல்வித்துறை மேலதிகாரியோடும் கருத்து வேறுபாடு முற்றியது. 1858-ஆம் ஆண்டு இறுதியில், திங்களுக்கு ஐந்நூறு ரூபாய் தந்த அப்பதவியைத் துறந்தார். அப்பொருளை நம்பிப் பலர் இருந்தனர் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும், உள்ளம் ஒப்பாத இடத்தில் ஊதியத்திற்காக இருப்பது அவர் இயல்பன்று.

கைம்பெண்களின் துயர்

அக்காலத்தில் வங்காளத்தில் ஐந்து, ஆறு வயதிலேயே பெண் குழந்தைகளை மணம் செய்வித்தனர். முதியவர்க்கும் சிறுமியரைக் கொடுத்தனர். கணவன் இறந்தால், திருமணம் என்பது இன்னதென்று அறியாத சிறுமியும் ஆயுள் முழுவதும் கைம்மை நோற்றல் வேண்டும். ஒருவேளை உணவும், விரத நாட்களில் நீரும் அருந்தா நோன்பும், உற்றாரின் கடுஞ்சொல்லும் அவளுக்கு உரியவை ஆயின. இக்கொடுமையைக் கண்டு வித்தியாசாகரர் நெஞ்சம் வெதும்பினார்.

வழக்கத்தை மாற்ற வேண்டுமானால், அறநூலை நம்பும் மக்களுக்கு அறநூலையே சான்றாகக் காட்டுதல் வேண்டும் என்று அவர் கருதினார். இரவும் பகலும் ஏட்டுச் சுவடிகளில் மூழ்கினார். கலியுகத்திற்கு உரியதாகக் கூறப்படும் பராசர நீதிநூலில் கைம்பெண் மறுமணத்திற்கு இடம் இருப்பதைக் கண்டு, 1855-இல் இரு நூல்கள் எழுதி வெளியிட்டார். நாடெங்கும் பெரும் புயல் எழுந்தது. சட்டம் வேண்டி அவரும் நண்பர்களும் அரசுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் ஆயிரவர்க்கும் குறைவு. அதனை எதிர்த்து அனுப்பிய விண்ணப்பத்தில் முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டனர். எண்ணிக்கையைக் கண்டு அவர் கலங்கவில்லை. 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26-ஆம் நாள் மறுமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது.

ஏட்டிலே சட்டம் எழுதப்பட்டால் மட்டும் கண்ணீர் உலர்ந்துவிடாது. மணம் செய்து காட்டுவார் வேண்டுமே! அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் கல்கத்தாவில் முதல் மணம் நடந்தது. சிரீசசந்திர வித்தியாரத்தினர் என்னும் கல்விமான், காளிமதி என்னும் இளங்கைம்பெண்ணை மணந்தார். வேடிக்கை பார்க்கவும் எதிர்க்கவும் தெருவெங்கும் மக்கள் திரண்டனர். வித்தியாசாகரர் தெருவில் நடந்தால் ஏசினர், தாக்கவும் காத்திருந்தனர். அதனை அறிந்த தந்தையார் ஊரிலிருந்து மகனுக்குக் காவலாக ஓர் ஆளை அனுப்பினார். ஆயினும் எளிய மக்கள் அவரை வாழ்த்தினர். சாந்திபுரத்து நெசவாளர் சேலைக் கரையிலே அவரை வாழ்த்தும் பாட்டை நெய்து விற்றனர்.

மணமக்களைச் சுற்றத்தார் ஒதுக்கினர். மணச் செலவும், அதன்பின் அவர்கள் வாழ்க்கைக்கு ஆகும் செலவும் வித்தியாசாகரர் தோள்மேல் ஏறின. பொருள் தருவதாக வாக்களித்த செல்வர் பலர் பின்வாங்கினர். சில ஆண்டுகளில் அறுபது மணங்களுக்கு 82,000 ரூபாய் வரையில் அவர் செலவிட்டார் என்பர். அதனால் பெருங்கடன் ஏற்பட்டது. தம் கடனை அடைக்க ஊரில் பொருள் திரட்ட முயன்ற நண்பர்களைத் தடுத்து, நூல்களின் வருவாயைக்கொண்டு தாமே சிறிது சிறிதாக அடைத்தார்.

கடன்பட்ட நாளிலும் கொடை நிற்கவில்லை. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதனதத்தர் 1864-இல் பிரான்சு நாட்டில் குடும்பத்தோடு கையிற் காசின்றித் தவித்தார். ஊரிலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. சிறை செல்லும் நிலைமையும் நெருங்கியது. அவர் எழுதிய கடிதத்தைக் கண்டதும் வித்தியாசாகரர் முதலில் 1,500 ரூபாய் அனுப்பினார். பின்னர்ப் பிறரிடம் கடன் பெற்றும் அனுப்பினார். கவிஞர் துயர் நீங்கி, சட்டக் கல்வியை முடித்து நாடு திரும்பினார்.

பஞ்சத்தில் அன்னம்

1866-ஆம் ஆண்டு ஒரிசாவிலும் அதனை அடுத்த மேதினிப்பூர்ப் பகுதியிலும் கொடிய பஞ்சம் வந்தது. மக்கள் இலையும் கிழங்கும் தின்றனர். அவையும் கிடையாமல் வழியிலே வீழ்ந்தனர். வித்தியாசாகரர் பீர்சிங்காவில் அன்னசாலை ஒன்று தொடங்கினார். பசித்து வந்தவர் எவராயினும் அவருக்கு அங்குச் சோறு கிடைத்தது. இத்தனை பேர்க்குத்தான் என்னும் வரையறை இல்லை. பல திங்கள் அந்த அடுப்பு அணையவில்லை.

உண்ண வந்த ஏழைப் பெண்களின் தலைமயிர் எண்ணெயின்றி வறண்டு சடைபிடித்திருந்தது. அதனைக் கண்ட வித்தியாசாகரர் அவர்களுக்கு எண்ணெய் வழங்குமாறு ஏற்பாடு செய்தார். எண்ணெய் வழங்கியவர், தாழ்ந்த வகுப்பினர் என்று கருதப்பட்ட பெண்களைத் தீண்டினால் தீட்டாகும் என்று அஞ்சித் தொலைவில் நின்று ஊற்றினர். வித்தியாசாகரர் ஒருவரையும் கடிந்து பேசவில்லை. தாமே சென்று, எண்ணெயைக் கையில் எடுத்து, அப்பெண்களின் தலையில் தேய்த்துவிட்டார். நீதிநூல்களைக் கரைகண்ட அந்தணர் செய்த இச்செயலைக் கண்டோர் தலை கவிழ்ந்தனர்.

முன்னொரு நாள் அவர் தந்தைக்குப் பொரியும் தயிரும் இட்ட அம்மையார், இவன் எக்குலத்தான் என்று கேட்டபின் இடவில்லை. பசியை மட்டுமே பார்த்தார். அன்று அவ்வம்மையார் இட்ட பிடிப் பொரி, இன்று ஆயிரவர்க்கு அன்னமாக விளைந்தது.

சில ஆண்டுகள் கழித்து வர்த்தமான் என்னும் பர்துவான் பகுதியில் கொடுங்காய்ச்சல் பரவியபோதும் அவர் அங்கு மருந்தகம் அமைத்தார். நோயுற்ற இசுலாமிய ஏழைகளின் குடிசைகளுக்கும் சென்று மருந்தும் உணவும் அளித்தார். குடும்பத்தலைவன் இறந்தால் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாது என்று கருதி, 1872-இல் இந்துக் குடும்ப நிதி ஒன்றைத் தோற்றுவிப்பதிலும் முன்னின்றார். திங்கள்தோறும் சிறு தொகை செலுத்தி வந்தவரின் குடும்பத்தார்க்கு, அவர் இறந்தபின் உதவித்தொகை அளிப்பது அந்நிதியின் நோக்கம்.

தம் இல்லத்தில் ஒரு சோதனை

ஊராருக்கு அறம் உரைத்தல் எளிது. அவ்வறத்தை வீட்டு வாயிலுக்குள் அழைத்து வருதல் அரிது. அத்தகைய சோதனை வித்தியாசாகரர்க்கும் வந்தது. 1870-இல் அவருடைய ஒரே மகன் நாராயணசந்திரர், பவசுந்தரி என்னும் இளங்கைம்பெண்ணை மணக்க விரும்பினார். இம்மணம் நடந்தால் சுற்றத்தார் நம் குடும்பத்தோடு உண்பதையும் உறவாடுவதையும் விட்டுவிடுவர் என்று தம்பியார் அஞ்சி எழுதினார். வீட்டிலும் மனம் ஒப்பாதவர் இருந்தனர்.

தம்பியார்க்கு வித்தியாசாகரர் விடை எழுதினார். கைம்பெண் மறுமணத்தைத் தொடங்கி வைத்ததே தம் வாழ்நாளின் தலைசிறந்த நற்செயல் என்றும், பிறர் பிள்ளைகளுக்கு அம்மணத்தைச் செய்வித்துத் தம் மகனுக்கு மறுத்தால் உலகோர் முன் தலைநிமிர்ந்து நிற்க இயலாது என்றும், தம் விருப்பப்படி மகன் செய்வது தமக்குப் பெருமையே என்றும், உறவினர் பிரிவரே என்று அஞ்சி அறத்தைக் கைவிடத் தாம் உடன்படார் என்றும் அதில் தெளிவாக உரைத்தார். மணம் நடந்தது. உற்றார் பலர் விலகி நின்றனர்.

இன்னும் பல துயரங்கள் அவரைச் சூழ்ந்தன. 1866-ஆம் ஆண்டு இறுதியில் வண்டி கவிழ்ந்து பட்ட காயத்தால் உடல்நலம் கெட்டது; அதன்பின் அது முழுதும் தேறவில்லை. குடும்பத்தாரோடு நேர்ந்த மனவேறுபாட்டால் 1869-இல் பீர்சிங்காவை விட்டு நீங்கினார். அன்போடு பேணிய அவ்வூருக்கு அவர் மீண்டும் செல்லவில்லை. 1871-இல் அன்னையார் காசியில் காலமானார். மகனுடைய ஒழுகலாறு பின்னர்த் தம் கொள்கைக்கு ஒவ்வாமையால், அவரோடும் உறவை அறுத்துக்கொண்டார். 1875-இல் எழுதிய இறுதி ஆவணத்தில் மகனுக்குச் சொத்தில் பங்கு வைக்கவில்லை. அதே ஆவணத்தில் தந்தையார், உடன்பிறந்தார், மனைவி, மகளிர், உறவினர், ஆதரவற்றோர் எனப் பலர்க்கும் திங்கள்தோறும் இன்ன தொகை தரவேண்டும் என்று பெயர் பெயராக எழுதி வைத்தார். ஊரை விட்டு வந்தாரேயன்றி, ஊரார்க்கும் உறவினர்க்கும் செய்யவேண்டிய கடமையை அவர் விட்டாரல்லர். கடுமையும் கனிவும் அவரிடம் ஒருங்கே இருந்தன. பாட்டனார் சொன்ன காளைக்கன்றின் இயல்பு அவருக்கு வெற்றியும் தந்தது, துன்பமும் தந்தது.

கர்மாடாரில் வாழ்ந்த நாட்கள்

மனம் நொந்த வித்தியாசாகரர் நகரத்தின் இரைச்சலை விட்டு, இன்று சார்க்கண்டு மாநிலத்தில் உள்ள கர்மாடார் என்னும் சிற்றூரில் ஒரு வீடு அமைத்துக்கொண்டு அடிக்கடி அங்குத் தங்கினார். சுற்றிலும் வாழ்ந்தவர் சந்தாலர் என்னும் பழங்குடி மக்கள். வஞ்சமறியாத அம்மக்கள் அவருக்கு உறவாயினர். ஓமியோபதி மருத்துவத்தைத் தாமே கற்று, விடியற்காலையிலேயே அவர்களுக்கு மருந்து வழங்கத் தொடங்குவார்.

அக்காலத்தில் அங்குச் சென்ற அறிஞர் அரப்பிரசாத சாத்திரியார் ஒரு காட்சியைக் கண்டார். காலையில் சந்தாலர் ஒவ்வொருவராக மக்காச்சோளக் கதிர்களைக் கொண்டுவந்து, தமக்கு இவ்வளவு காசு தேவை என்று கூறி விற்றனர். வித்தியாசாகரர் பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்து வாங்கி அடுக்கினார். இத்தனை கதிரை இவர் என் செய்வார் என்று சாத்திரியார் வியந்தார். வேளை ஏறியதும் சந்தாலர் கூட்டமாக வந்து, பசிக்கிறது, உண்ணத் தா என்று உரிமையோடு கேட்டனர். காலையில் வாங்கிய கதிர்களையெல்லாம் வித்தியாசாகரர் அவர்களுக்கே எடுத்துக் கொடுத்தார். அவர்கள் அவற்றைச் சுட்டுத் தின்று மகிழ்ந்தனர். பெற்ற காசும் அவர்களுடையது. உண்ட கதிரும் அவர்களுடையது. கொடுத்தவருக்குக் கிடைத்தது அவர்கள் முகமலர்ச்சி ஒன்றே.

கல்கத்தாவில் அவர் வளர்த்த பெருநகரக் கல்விக்கழகம் 1872-இல் கல்லூரி நிலையை அடைந்தது. இந்தியர் தம் முயற்சியால், இந்திய ஆசிரியரைக்கொண்டே உயர்கல்வி தர இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. வித்தியாசாகரர் கல்லூரி என்று பின்னர் அது பெயர் பெற்றது. அவர் காட்டிய வழி வங்காளத்தோடு நின்றுவிடவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இராசமகேந்திரபுரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881-இல் கைம்பெண் மறுமணத்தை நடத்தி வைத்தார்.

1888-இல் மனைவியார் மறைந்தார். 1891-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29-ஆம் நாள் வித்தியாசாகரர் கல்கத்தாவில் இவ்வுலக வாழ்வை நீத்தார். வங்காளம் முழுவதும் ஒரு வீடுபோல் துயருற்றது. கர்மாடார் இரயில் நிலையம் பின்னாளில் அவர் பெயரையே பெற்றது.

முடிவுரை

கற்றோர் அவருக்கு அளித்த பட்டம் கல்விக்கடல் என்பது. பசித்தவரும் அழுதவரும் அவருக்கு மற்றொரு பட்டம் அளித்தனர். அவர்கள் அவரைத் தயாசாகர், அஃதாவது கருணைக்கடல் என்று அழைத்தனர். முதற்பட்டம் தேர்வெழுதிப் பெற்றது. இரண்டாம் பட்டமோ, தம் பொருளையும் பதவியையும் உடல்நலத்தையும், இறுதியில் சுற்றத்தின் உறவையும் விலையாகக் கொடுத்துப் பெற்றது.

தம் குடும்பத்தைக் காத்தல் ஒவ்வொருவர்க்கும் கடமையாம். வித்தியாசாகரர் அக்கடமையில் குறைவு வைத்தாரல்லர். ஆயின், குடும்பம் என்னும் சொல்லுக்கு அவர் வீட்டுச் சுவரை எல்லையாகக் கொள்ளவில்லை. கணவனை இழந்த சிறுமியும், பஞ்சத்தில் வாடிய ஏழையும், வேற்று நாட்டில் தவித்த கவிஞரும், காட்டுவாழ் சந்தாலரும் அவர்க்கு உறவினரே ஆயினர்.

இத்துணைப் பெரிய கடலுக்கு ஊற்று எது? கல்கத்தாத் தெரு ஒன்றில், பெயர் தெரியாத ஒரு கைம்பெண் பசித்த சிறுவனுக்கு இட்ட ஒரு பிடிப் பொரியே அது. நாம் வித்தியாசாகரரைப்போல் பள்ளிகளும் அன்னசாலைகளும் அமைக்க இயலாமற் போகலாம். அந்தப் பொரிக்கடை அம்மையாரைப்போல், எதிரே நிற்பவரின் பசியை அறிந்து, கையில் உள்ளதில் ஒரு பிடி கொடுத்தல் நம்மில் எவர்க்கும் இயலும்.